கருடனின் உள்ளங்கால்

காலைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தி. நகரில் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடமாக அடுத்தவர் காலடியில் உட்கார்ந்துதான் பிழைப்பு. ஆள் படியேறும்போதே இவர் எட்டாம் நம்பர், அவர் ஒன்பது, இந்த அம்மாளுக்குக் கட்டைவிரல் பக்கம் எலும்பு புடைத்திருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப்போனால், வந்தவருடைய காலில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்துவிடுவேன்.

இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு கருடனைக் கொடுத்தார்கள்.

அடையாறு பக்கம், அடிபட்ட பறவைகளையும் விலங்குகளையும் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்று இருக்கிறது. விழுந்து கிடக்கும் கிளியையும் குயிலையும் தூக்கிவர அவர்களுக்குக் காலி அட்டைப்பெட்டி வேண்டும். என் கடையில் காலி அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமே கிடையாது. கொடுக்கப் போனவன், ஞாயிற்றுக்கிழமைகளில் கூண்டு கழுவ ஆரம்பித்தேன். கூண்டு கழுவியவனுக்கு ஒரு வருடத்தில் பறவை பிடிக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நான் நம்பினேன் என்று சொல்வதுதான் சரி.

அந்தக் கருடன் மாஞ்சா நூலில் இறக்கை அறுபட்டு வந்தது. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். காப்பகத்து டாக்டர், ஒரு சின்னப் பெண், தையல் போட்டு, இறக்கை கூடிவிட்டது. ஆனால் இரண்டு மாதம் கட்டுப்போட்டுக் கிடந்ததில் சதையெல்லாம் தொய்ந்து போயிருந்தது. நீளமான கயிற்றில் கட்டி, கையுறைக்கு வந்து இறைச்சியை எடுத்துக்கொள்ளப் பழக்கி, தினமும் இருபது தடவை பறக்கவைத்தால்தான் பழைய பலம் வரும் என்றார் டாக்டர். காப்பகத்தில் இடமில்லை. எங்கள் வீடு கோட்டூர்புரத்தில் ஒரு பழைய குடியிருப்பின் மேல்மாடி, மொட்டைமாடி எங்கள் பொறுப்பில். வனத்துறை அனுமதிக் காகிதத்தோடு கருடன் வீட்டுக்கு வந்தது, பெரிய பூட்ஸ் பெட்டியில்.

டாக்டர் நாலு விஷயம் சொல்லி அனுப்பினார். தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதவேண்டும். சொன்ன அளவுக்கு மேல் தீனி கூடாது. கால்களைத் தினமும் கழுவி, உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். உட்காருவதற்கு இந்தக் கட்டைதான். அவர் கொடுத்த கட்டையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கோணலும் மாணலுமாக ஒரு வேப்பங்கிளை. ஓரிடத்தில் என் மணிக்கட்டு பருமன், இன்னோரிடத்தில் விரல் பருமன். அதன்மேல் தேங்காய்நார்க் கயிற்றை எவனோ அரைத்தூக்கத்தில் சுற்றியிருந்தான்.

என் மகள் வயதுகூட இல்லாத பெண், என்னை அங்கிள் என்று கூப்பிடுகிற பெண், காலுக்கு எது நல்லது என்று எனக்குச் சொல்கிறாளே என்று சிரித்துக்கொண்டேன். கிளையைத் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் சாத்தினேன். அன்று மாலையே கடையில் ஒரு உருளைக் கட்டையை எடுத்து, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்தேன். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு விற்கிறோமே எம்.சி.ஆர். செருப்பு, அதன் ரப்பரை ஒரே சீராக ஒட்டி, மேலே ஆட்டுத்தோலைத் தைத்தேன். ஒரு சுருக்கம் கிடையாது. மிச்சத் தோலில் கருடனுக்குக் கால்வாரும் தைத்தேன், கயிற்றைக் கட்டுவதற்கு. என் வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக ஒரு ஜோடி செருப்புகூடத் தைத்ததில்லை.

என் மனைவி முதலில் பருந்தா, வீட்டுக்குள்ளா என்று முகத்தைச் சுளித்தாள். பெட்டியைத் திறந்ததும் வெள்ளைத் தலையைப் பார்த்தாள். ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்க ஒரு வாரம் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பெருமாள் மாசத்துக்குப் பெருமாளே வாகனத்தை அனுப்பிவைத்திருக்கிறார் என்றாள். அன்றிலிருந்து மொட்டைமாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் செருப்போடு போகக்கூடாது என்று சட்டம் வந்தது. ஊருக்கெல்லாம் செருப்பு விற்பவன், கொதிக்கிற சிமென்ட் தரையில் குதித்துக் குதித்துப் போனேன்.

கால் கழுவுகிற வேலைதான் எங்கள் தினசரிச் சடங்கு. அவள் கருடனைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் அணைத்துப் பிடிப்பாள். தலையில் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிடுவோம், கண் மறைந்தால் அமைதியாகிவிடும். நான் வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் காலை நனைத்து, குழந்தைகள் பல்தேய்க்கிற பிரஷால் விரலிடுக்கில் காய்ந்திருக்கும் இறைச்சியை எடுப்பேன். பிறகு பஞ்சால் ஒற்றி ஈரம் போகத் துடைப்பேன். அவள் அவ்வளவு நேரமும் கோவிந்தா சொல்லிக்கொண்டிருப்பாள். பெருமாளையே தூக்குகிற கால், பார்த்துத் தேயுங்கள் என்பாள். நான் அதற்குமுன் எந்தக் காலையும் அவ்வளவு பயபக்தியோடு தொட்டதில்லை.

வந்தபோது கருடனின் உள்ளங்கால் மகா மோசமாக இருந்தது. மோசம் என்பது என் அபிப்பிராயம். பாகற்காய்த் தோல் மாதிரி முழுக்கச் சின்னச் சின்ன முண்டு, சொரசொரவென்று. மூன்று வாரத்தில் முண்டெல்லாம் மறைந்தது. ரோஸ் நிறத்தில், பளபளவென்று, பிறந்த குழந்தையின் பாதம் போல ஆகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வெடித்த குதிகாலையும் காய்த்துப்போன பாதத்தையும் பார்த்துப் பார்த்து அலுத்தவன் நான். டார்ச் அடித்து நாலு கோணத்தில் படம் எடுத்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கடையில் வாடிக்கையாளர்களுக்குக் காட்டினேன். எம்.சி.ஆர். ரப்பரால் ஒரு பறவைக்கே இப்படி என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்றேன். மாம்பலத்திலிருந்து வந்த ஒரு அம்மாள் யோசித்து, இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு போனார்.

எடையும் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் யார் சதை போட்டாலும் அதற்கு உடம்பு தேறியது என்றுதான் பெயர். என்னையே அப்படித் தேற்றித் தேற்றித்தான் சட்டைப் பொத்தான் போடமுடியாத நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் டாக்டர் வாராவாரம் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். எடை ஏறினால் தீனியைக் குறைப்பார் என்று தெரியும். அதனால் நோட்டில் எழுதும்போது கொஞ்சம் குறைத்து எழுதினேன். முதல் வாரம் பத்து கிராம். பிறகு இருபது, முப்பது என்று கூடிக்கொண்டே போனது. கருடன் இருபது தடவைக்குப் பதில் நாலு தடவை பறந்தது. ஐந்தாவது தடவை கூப்பிட்டால், சாப்பாட்டுக்கு அப்புறம் என்னை எழுப்பினால் நான் பார்ப்பேனே, அப்படிப் பார்த்தது. நாளெல்லாம் அந்த மெத்தைக் கட்டையில் உட்கார்ந்திருந்தது. சுகமாக இருக்கிறது, பாவம் என்று நினைத்தேன்.

கருடனுக்குக் கோழி வாங்குவது பக்கத்துத் தெரு பாய் கடையில். புரட்டாசியில் அந்தக் கடை காற்று வாங்கும். தினமும் காலையில் போகிற ஒரே ஆள் நான் என்பதால் பாய் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் பேசுவார். ஒருநாள் அவருக்கும் படத்தைக் காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது, பிராய்லருக்கு வர்ற புண்ணாட்டம் கீது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இது கருடன் என்றேன்.

"கருடனோ இன்னாவோ. கூண்டுல போட்டு தீனி போட்டுக்கினே இருந்தா, அது ஒரே எடத்துல குந்திக்கினு கெடக்கும். வெயிட்டு பூரா கால்ல எறங்கும். கால் மொதல்ல இப்படித்தான் பளபளன்னு ஆவும். அப்பால நடுவுல கறுப்பா ஒரு பொட்டு வரும். அது வந்துச்சுன்னா முடிஞ்சுது சார். நிக்காது."

கோழிக்கடைக்காரருக்குக் கருடனைப் பற்றி என்ன தெரியும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பாதித் தெருவிலேயே திட்டு நின்றுவிட்டது. கறுப்புப் பொட்டு என்று அவர் சொன்னாரே, அதை நான் இரண்டு நாளுக்கு முன்பே பார்த்திருந்தேன். இடது உள்ளங்காலின் நடுவில், கடுகளவு. காய்ந்த ரத்தம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, பிரஷால் அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை. மறுநாள் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அப்போது கருடன் வேட்டிக்குள் உடம்பை உதறியது. என் மனைவி கோவிந்தா கோவிந்தா என்று அதைச் சமாதானப்படுத்தினாள். நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பூட்ஸ் பெட்டியோடு ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் காப்பகத்துக்கு ஓடினோம். டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த முண்டுகள் அழுக்கோ வியாதியோ இல்லை, வழுக்குகிற மீனை இறுக்கிப் பிடிக்கவும் எடையைப் பரவலாகத் தாங்கவும் பறவைக்கு அவைதான் வேண்டும் என்றார். கட்டை ஒரே சீராக இருந்தால் நாளெல்லாம் ஒரே இடத்தில் அழுந்தும், முண்டு தேய்ந்து தோல் மெலியும், கிருமி உள்ளே போகும். கோணல் கிளையில் கால் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் கோணல். அவர் இதையெல்லாம் மெதுவாகச் சொன்னார். முப்பது வருட அனுபவஸ்தன் கைகட்டிக் கேட்டுக்கொண்டேன்.

"நரம்புக்குப் போயிடுச்சுன்னா விரல் மடங்காது, அங்கிள். விரல் மடங்காத பறவையை வெளியில விட முடியாது. வெளியில விட முடியாததை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கணும்."

என்ன யோசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊசியைப் பார்த்திருக்கிறேன். என் மனைவிக்குத் தெரியாது, ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

டாக்டர் கருடனைத் தராசில் நிறுத்தினார். பிறகு என் நோட்டைப் பார்த்தார். மறுபடி தராசைப் பார்த்தார். நோட்டில் இருந்ததற்கும் தராசில் இருந்ததற்கும் எழுபது கிராம் வித்தியாசம். எழுபது எண்பது கிலோ ஆட்களுக்கு அது ஒன்றுமில்லை என்று நினைக்கலாம், இது மொத்தமே அரைக்கிலோ பறவை. பொய் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். தினமும் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துண்டு போட்டேன், அது பசியோடு பார்ப்பது போல இருந்தது என்றேன். ஒரு துண்டுக்கு இவ்வளவு ஏறாதே என்று டாக்டர் யோசித்தார்.

"நானும் போட்டேன்" என்றாள் என் மனைவி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரட்டாசியில் வெங்காயம்கூட யோசித்துத்தான் வாங்குகிறவள். நான் கடைக்குக் கிளம்பியதும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இடுக்கியால் ஈரல் துண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் எல்லாரும் வாயைக் கட்டியிருக்கிற மாசத்தில் வாகனத்தையும் பட்டினி போட்டால் பெருமாள் என்ன நினைப்பார் என்று. சனிக்கிழமைகளில் இரண்டு துண்டு. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்க இடம் இருந்தா உங்ககிட்ட திருப்பிக் கொடுக்கவே மாட்டேன்" என்றார். அந்த ஒரு வரிதான் அன்றைக்கு வாங்கிய திட்டு. வலித்தது, ஆனால் நியாயமான வலி.

காலுக்கு மருந்து வைத்து, பஞ்சை உருட்டி விரல்களுக்குள் கொடுத்துக் கட்டுப்போட்டு அனுப்பினார். தீனி பாதி. இறைச்சிக்குள் மாத்திரை. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரித்து மருந்துத் தண்ணீரில் கால் நனைக்கவேண்டும். தேய்க்கக்கூடாது. அந்தச் சொல்லை அவர் இரண்டு தடவை சொன்னார்.

தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னாலிருந்து வேப்பங்கிளையைத் தேடி எடுத்தேன். என் மனைவி அதில் தரை துடைக்கிற துணியைக் காயப்போட்டிருந்தாள். நந்தனத்தில் மழைக்கு விழுந்த மரத்தை மாநகராட்சி ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களிடம் கேட்டு இன்னும் இரண்டு கோணல் கிளை கொண்டுவந்தேன். கயிறு சுற்ற உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஏற்றத்தாழ்வாகச் சுற்றுவது எனக்கு வரவே இல்லை. கை தானாகவே சீராகச் சுற்றியது. பிரித்துப் பிரித்துச் சுற்றினேன். அரைத்தூக்கத்தில் சுற்றியவன் என்று நான் நக்கலடித்த ஆள் பெரிய கைகாரன் என்று அன்று மாலை ஒத்துக்கொண்டேன்.

பசியில் கருடன் கத்தும். பருந்தின் குரல் என்றதும் கம்பீரமாக எதையோ கற்பனை செய்யவேண்டாம், கைக்குழந்தை இழுத்து இழுத்துச் சிணுங்குவது போல இருக்கும். கேட்கமுடியாமல் என் மனைவி சமையலறைக்குள் போய், உள்ளே எதையும் போடாமல் மிக்சியை ஓடவிடுவாள். நான் நோட்டில் சரியான எடையை எழுதுவேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. கடையில் யாராவது காலை நீட்டினால் அந்தக் கடுகளவு பொட்டுதான் ஞாபகத்துக்கு வரும். காலை இழக்கப்போவது நான் இல்லை, இழக்கவைத்தவன் நான் என்பது வேறு மாதிரியான பயம். மாம்பலத்து அம்மாள் மறுபடி கடைக்கு வந்து, அந்தப் பறவை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஐப்பசி மழை முழுக்க இப்படியே போனது. ஒருநாள் கட்டுப் பிரித்தபோது பொருக்கு உதிர்ந்து துணியோடு வந்தது. அடியில் புதுத்தோல். அதன்பின் ஒவ்வொரு வாரமும் உள்ளங்கால் அசிங்கமாகிக்கொண்டே வந்தது. முண்டு முளைத்தது, சொரசொரப்பு வந்தது. நான் டார்ச் அடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். படம் எடுத்தேன், பாய்க்கு மட்டும் அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினார். கருடன் இருபது தடவை பறந்து, இருபத்தோராவது தடவைக்கும் தயாராக நின்றது.

கார்த்திகை தொடக்கத்தில் டாக்டர் சோதிக்கக் கூப்பிட்டார். எலும்பில் ஒன்றுமில்லை என்று எக்ஸ்ரே சொல்லிவிட்டது. மிச்சமிருந்தது பிடி மட்டும்தான். என் கையில் மெல்லிய கையுறையை மாட்டச் சொன்னார். இறைச்சித் துண்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு காப்பகத்து முற்றத்தில் நின்றேன். கருடன் அந்தக் கோடியிலிருந்து தாழப் பறந்து வந்து கையில் விழுந்து இறுக்கியது. வலது கால் நகம் கையுறைத் தோலோடு நின்றது. இடது கால் நகம் கையுறையைத் துளைத்துக்கொண்டு என் கட்டைவிரல் சதைக்குள் இறங்கியது.

"இடது கால் பிடிக்குதா, அங்கிள்?"

"நல்லா வலிக்குது, டாக்டர்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்காகத்தான் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் திருத்தவில்லை.

அதற்குள் காப்பகத்தில் பெரிய கூண்டு ஒன்று காலியாகியிருந்தது. மனிதர்கள் கையிலிருந்து வாங்கித் தின்னும் பழக்கம் மறக்கவேண்டும் என்று இரண்டு வாரம் அதில் விட்டார்கள், தொட்டியில் மீனோடு. எங்களுக்கு அனுமதி இல்லை. விடுகிற அன்று மட்டும் கூப்பிட்டார்கள். நான் தைத்த கால்வாரை நானே கத்தரித்தேன். ஆற்றோரம் பெட்டியைத் திறந்ததும், அது நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் உட்கார்ந்தது. வழவழவென்ற இரும்புக் குழாய். அதில் உட்காரக்கூடாது என்று டாக்டரிடமே முறையிட்டேன்.

"நாளெல்லாம் அங்கேயே உக்காராது, அங்கிள். அதுக்கு வேலை இருக்கு" என்றார் அவர்.

ஒரு நிமிஷம்தான் இருந்தது. பிறகு ஆற்றுப்பக்கம் போய்விட்டது. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை பாருங்கள் என்று கல்யாணமாகிப் போன எங்கள் மகளைச் சொல்வது போலச் சொன்னாள்.

அந்த மெத்தைக் கட்டையைப் பிரித்து, ரப்பரைக் கடை ஸ்டூலில் போட்டுக்கொண்டேன். இப்போது அதன்மேல் நாளெல்லாம் உட்காருவது நான்தான். பாய் சொன்னது ஞாபகம் வந்தால் எழுந்து நாலு நடை நடப்பேன். சில நாள் காலையில் வீட்டிலிருந்து கடைக்கே நடப்பதும் உண்டு. ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் செருப்பு கடிக்கும். என் கடைச் செருப்புதான்.

போன சனிக்கிழமை அவளும் பாலம் வரை கூட வந்தாள். ஆற்றுக்கு மேலே ஒரு கருடன் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் தலை, செங்கல் நிற இறக்கை, எல்லாக் கருடனுக்கும் இருப்பது போலத்தான். கால்களை மடித்து வாலுக்கடியில் செருகிக்கொண்டிருந்தது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலில் செருப்பு வார் உரசிய இடத்தைத் தடவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன்.

"நம்மளுதாங்க அது?" என்று கேட்டாள்.

காலைக் காட்டினால் சொல்லிவிடுவேன் என்றேன். அது காட்டவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் நிற்கலாம் என்றாள், நின்றோம்.